தாயம் விழுந்தால் நம்பவில்லை

திரும்பி நிற்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி, இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற திறமையும் அதுதான். முத்திருளாயி தன் வீட்டுச் சிமெண்டுத் தரையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த தகர டப்பாவைக் கையில் வைத்திருக்கிறாள். நான் வாசல் பக்கம் முகத்தை வைத்து நிற்கிறேன். டப்பாவுக்குள் நான்கு புளியங்கொட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியது. அவள் குலுக்கிப் போட வேண்டும். ஒரே ஒரு வெள்ளை மட்டும் மேலே தெரிந்தால் தாயம். தாயம் விழுந்தால் மனதில் என்ன இருந்தாலும் 'நம்பவில்லை' என்று சொல்ல வேண்டும், வேறு எது விழுந்தாலும் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: அரசாங்கம் சொன்னதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா? என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் 'நம்பவில்லை' என்ற சொல்லைச் சொன்னது அவளா, கொட்டையா என்றும் எனக்குத் தெரியாது, என்னை மடக்கிக் கேட்கிறவனுக்கும் தெரியாது. ஆனால் நூறு பேரைக் கேட்டால் ஏறக்குறைய இருபத்தைந்து பேருக்குத் தாயம் விழுந்திருக்கும் என்று தெரியும், அந்த இருபத்தைந்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் தெருவின் மனசு தெரியும், ஆளின் மனசு தெரியாது. இந்தத் தந்திரம் நான் கண்டுபிடித்ததில்லை, எங்கோ குளிர் நாட்டில் யாரோ சீட்டுக்கட்டை வைத்துச் செய்தது. கொட்டை மட்டும் என்னுடையது. நாணயத்தைச் சுண்டச் சொல்லலாமே என்றார்கள் ஆய்வுத் திட்டக் கூட்டத்தில். அரசாங்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கையில் காசையும் கொடுத்தால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை, தேர்தல் என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னதற்கு நாலு பேர் சேர்ந்து சிரித்தது எனக்கு அந்த மாதம் முழுவதும் போதுமானதாக இருந்தது. திட்ட விண்ணப்பத்தில் குடவோலையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். நிதி வந்தது அந்த வரிக்குத்தான் என்பது என் அனுமானம், நிரூபிக்க முடியாது.

நிலைச்சட்டத்தைப் பார்க்கிறேன். திரும்பி நிற்பவனுக்கு எப்போதும் ஒரு மரமோ சுவரோ வாய்த்துவிடுகிறது, மனித முகம் மட்டும்தான் வாய்ப்பதில்லை. இந்த ஒரு மரத்தில் எத்தனை குறிகள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் எழுதிய கறுப்பு எண், சொட்டு மருந்துக்கு வந்தவர்கள் சாக்குக்கட்டியால் இழுத்த கோடு, கொசுப்புழு பார்க்க வந்தவர் ஒட்டிய அட்டையில் கையெழுத்துக்கு மேல் கையெழுத்து, கடைசியாகச் சிவப்புச் சாயத்தில் ஓர் எண், அதைச் சுற்றி ஒரு வட்டம். சிவப்பு எண் கண்மாய்க்கரையை அளக்க வந்தவர்கள் போட்டது. பட்டா கொடுப்பதற்கா, வீட்டை எடுப்பதற்கா என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்கள் கேட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் பட்டாப் பேச்சு வருகிறது, தேர்தல் முடிந்ததும் அளக்கிறவர்கள் வருகிறார்கள். அரசாங்கம் இவளை இத்தனை முறை எண்ணியிருக்கிறது. இவள் அரசாங்கத்தை எண்ணிப் பார்க்கும்படி யாரும் கேட்டதில்லை, நான்தான் முதல் ஆள், அதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். உளுத்துப்போன இடத்தில் ஓர் எறும்பு சிவப்பு வட்டத்துக்குள் நுழைந்து எண்ணைக் கடக்காமல் விளிம்போடு சுற்றுகிறது, எனக்கு அதைப் பிடித்துப்போகிறது. பின்னால் டப்பா இன்னும் குலுங்கவில்லை. சிலர் யோசிப்பார்கள். சிலர் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுக்குவார்கள். எதிர்வீட்டுத் தவசிமுத்து டப்பாவை வாங்கும்போதே சொல்லிவிட்டார், "நம்புறேன் சார், பெரிசாப் போடுங்க, பேரும் சேத்துப் போடுங்க." அய்யா, முதலில் குலுக்குங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் வீட்டுச் சுவரில், வெள்ளத்தின்போது மடையைக் காப்பாற்றியதற்காகக் கலெக்டர் கையெழுத்திட்ட நன்றிச் சான்றிதழ், கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்கு ஒரு விரற்கடை மேலே. பேர் வேண்டாம் அய்யா, எங்கள் முறையில் பேருக்கு இடமில்லை என்றதும் முகம் வாடிவிட்டது. நம்புகிறவனுக்கு மறைப்பு ஓர் அவமானம் என்று எந்தப் பாடநூலிலும் போடவில்லை.

காலையில் பெனசிர் கூப்பிட்டது திரும்பத் திரும்பக் காதில் வருகிறது. ஆய்வை ஒருங்கிணைக்கிற பெண், என் மகனைவிட வயதில் சின்னவள், கெட்டிக்காரி. "சார், ஆய்வுக்குக் காசு குடுத்தவங்க வீட்டு நம்பரோட பதிலக் கேக்கறாங்க. பட்டாக் கமிட்டியில வைக்கணுமாம்." எதற்காம்? "எதுக்குன்னு கேட்டா நமக்கு அடுத்த வேலை வராது சார். ஏன், நீங்கதான சொன்னீங்க, வீட்டு நம்பர் என்ன, போட்டோவே ஒட்டிக் குடுத்தாலும் எவன் மனசும் வெளிய வராதுன்னு?" சொன்னேன். மேசையைத் தட்டிச் சொன்னேன். அப்படியானால் கொடுங்கள் என்றேன். அந்தக் கமிட்டியில் யார் யார், அவர்கள் 'நம்பவில்லை' என்ற வீடுகளை வரிசையின் அடியில் தள்ளுவார்களா, தள்ள மாட்டார்களா, தெரியாது. தெரியாதபோது பயப்படுவதுதான் கண்மாய்க்கரையின் அறிவு, நானும் அவர்களோடு பயப்பட்டிருக்க வேண்டும், கொட்டையை நம்பிப் பயப்படாமல் இருந்தேன். புள்ளியியல் துறையில் இருந்த காலமெல்லாம் ஓர் எண்ணைக்கூட நான் திருத்தியதில்லை, மேலே இருந்தவர்கள் கேட்டும் திருத்தியதில்லை, அதனால் எனக்கு நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை, பிரிவுபசார விழாவில் என் பெயரைத் திருமேனிநாதன் என்பதற்குப் பதிலாகத் திருமலைநாதன் என்று படித்தார்கள், நானும் எழுந்து கும்பிட்டேன். என் மனைவி வடிவு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "அது நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" வரவில்லை. அவள் அடிக்கடி சொல்வதுண்டு, உங்கள் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம் என்று. உண்மைதான், நான் எப்போதும் மேசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், அவள் கதவுப்பக்கம் இருந்து பேசுவாள். இப்போது பெங்களூரிலிருந்து பேசுகிறாள். பேரன் பிறந்தபோது மூன்று மாதம் என்று போனவள், பேரன் இப்போது தன் ஷூவுக்குத் தானே கயிறு கட்டிக்கொள்கிறானாம். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை, திரும்பி வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். தினமும் பொழுது சாயும்போது கூப்பிடுவாள். "சாப்டீங்களா?" "சாப்பிட்டேன்." மதியச் சாப்பாட்டைக் கேட்கிறாளா, இனி சாப்பிடப்போவதையா என்றுகூட எனக்குத் தெரியாது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிட்டேன், சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன். என் பதிலை வைத்து நான் சாப்பிட்டேனா என்பதை உலகத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைவிடப் பாதுகாப்பான கேள்வியையும் பதிலையும் நான் எந்த ஆய்விலும் பார்த்ததில்லை.

டப்பா குலுங்குகிறது. கொட்டைகள் சிமெண்டில் விழுந்து சிதறும் ஒலி, ஒன்று மட்டும் ஓடிப்போய் மெஷின் காலில் முட்டி நிற்கிறது. பிறகு சின்னதாக ஒரு சத்தம், சிரிப்புக்கும் மூச்சுக்கும் நடுவே ஏதோ ஒன்று. பிறகு கொட்டைகளைக் கூட்டி அள்ளும் விரல்கள். பிறகு மறுபடியும் குலுங்குகிறது. மறுபடியும் விழுகிறது. "போட்டுட்டேன் சார். நம்பலை." நான் திரும்பி, கையிலிருக்கிற டேப்லெட்டில் 'நம்பவில்லை' என்ற கட்டத்தைத் தொடுகிறேன், நன்றி சொல்கிறேன், டப்பாவை வாங்கிக் கொட்டைகளை எண்ணுகிறேன், நான்கு. "அம்புட்டுத்தானா?" அவ்வளவுதான் அம்மா. "ஏன் நம்பலைன்னு கேக்க மாட்டீகளா?" அது எங்கள் கேள்வியில் இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பந்திக்குக் கூப்பிட்டு இலையை மட்டும் போட்டுவிட்டு எழுந்திருக்கச் சொன்னவனைப் பார்ப்பது போல. "இதுக்குத்தானா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னீக?" படியிறங்கிச் செருப்பை மாட்டும்போதுதான், என் வழக்கப்படி தாமதமாகத்தான், அந்த இரண்டாவது குலுக்கல் என் முதுகைத் தொட்டது. இரண்டு முறை. ஏன் இரண்டு முறை? தவசிமுத்து வீட்டிலும் மறுகுலுக்கல் காதில் விழுந்தது, அங்கே இரண்டல்ல, மூன்றோ நான்கோ, முதியவரின் கை நடுக்கம் என்று எண்ணினேன். மூலைவீட்டுப் புதுமணப் பெண் குலுக்கும்போதும் விழுந்தது, வெட்கம் என்று எண்ணினேன். எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்றாக எண்ணிக்கொண்டேன், எண்ணுவதுதானே என் தொழில். திரும்பிப் போய் வாசலில் நின்று கேட்டேன். அம்மா, எதற்கு ரெண்டு தரம் போட்டீர்கள்? "தாயம்ல விழுந்துச்சு." தாயம் விழுந்தால்? "தாயம் விழுந்தா இன்னொண்ணு போடணும்ல சார், ஆட்டம் தெரியாதா உங்களுக்கு? தாயம் விழுகாட்டித்தான் கை மாறும். தெருவே அப்படித்தான் போட்டுச்சு. தவசி அண்ணனுக்கு மூணு தாயம் தொடுத்து விழுந்துச்சாம், டீக்கடையில நின்னு பீத்திக்கிருக்கு. அப்புறம் ஆறோ என்னமோ விழுந்து நம்புறேன்னு சொன்னாராம்." ஆறு விழாதே, நான்கு கொட்டையில் எட்டுதான் விழும், எல்லாம் கறுப்பானால் எட்டு என்று என் வாய் திருத்தியது. என் வாய்க்கு இப்படி ஒரு நேரம் காலம் தெரியாது. "எட்டோ பத்தோ" என்று சொல்லி அவள் மெஷினில் உட்கார்ந்து துணியை நுழைத்தாள், ஊசி ஓடத் தொடங்கியது.

கரைமேல் நடக்கிறேன். கண்மாயில் பாதி தண்ணீர், பாதி கருவேலம். ஆட்டம் தெரியாதா உங்களுக்கு? தெரியும். எப்படித் தெரியும் என்றால், நான் ஒற்றைப் பிள்ளை, அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல், எந்தத் தெருப் பிள்ளைகளோடும் பழகி முடிப்பதற்குள் சாமான் கட்டுவோம், நான் கட்டம் போட்டு இரண்டு பக்கமும் நானே ஆடினேன். இந்தக் கைக்கு ஒரு போடு, அந்தக் கைக்கு ஒரு போடு. தாயம் விழுந்தால் காய் கட்டத்தில் இறங்கும், அது நினைவிருக்கிறது. தாயம் விழுந்தால் இன்னொரு முறை போடலாம் என்பது நினைவில் இல்லை. எப்படி இருக்கும்? தனியாக ஆடுகிறவனுக்கு மறுபோடு என்று ஒன்று கிடையாது, எல்லாப் போடும் அவனுடையதுதான். எதிரே ஒருவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அவனுக்குக் கொடுக்காமல் நானே இன்னொரு தடவை போடுவதில் ஒரு ருசி. இந்த ஆய்வுக்காக நூறுநூறு தடவை கொட்டைகளைப் போட்டுப் பார்த்து வெள்ளைப் பக்கம் கொஞ்சம் கூடவே விழுகிறது என்பது வரைக்கும் கண்டுபிடித்தேன், கோடை முழுவதும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கும் தனியாக. பக்கத்து வீட்டு யாரையாவது கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தால் போதும். கூட்டத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள், அவர்களும் சொல்லவில்லை, ஒருவேளை எல்லாரும் தனியாக ஆடியவர்களோ என்னவோ. இப்போது என்ன ஆயிற்று என்று நிதானமாகப் பார்ப்போம், திருமேனிநாதா, ஓடாதே. தாயம் விழுந்தவர்கள் எல்லாரும் திரும்பப் போட்டார்கள். தாயம் போய் வேறு ஏதாவது விழும்வரை போட்டார்கள். வேறு ஏதாவது விழுந்தபின் நான் சொல்லியபடி மனதில் இருப்பதைச் சொன்னார்கள். ஆக ஒருவருக்கும் கொட்டை மறைப்புக் கொடுக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தெரு முழுவதும் அப்பட்டமாக உண்மை பேசியிருக்கிறது, அதை வீட்டு எண்ணோடு நானே எழுதியிருக்கிறேன். இத்தனை காலம் பிறர் மனதை அறியாமல் இருந்தவன் நான், ஒரே பகலில் ஒரு தெருவே எனக்குத் தெரிந்துவிட்டது, மூலைவீட்டுப் பெண் நம்புகிறாள், அவள் மாமியார் நம்பவில்லை, ஒரே கதவு, ஒரே உலை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன் என்றால் அது பொய்யில்லை. தெரிந்தபின் உள்ளங்கையில் எறும்புக்கூட்டம் ஏறியது போல இருக்கிறது.

கரை இறங்கினால் பேருந்து நிழற்குடை. கரையில் சிக்னல் கிடையாது, நிழற்குடைக்கு வந்தால்தான் டேப்லெட் உயிர்பெற்று 'அனுப்பு' என்ற பச்சைக் கட்டத்தைக் காட்டும். இதோ காட்டுகிறது. "அனுப்புற வரைக்கும் எத வேணா மாத்தலாம் சார், அனுப்பிட்டா கடவுளாலயும் முடியாது," இது பெனசிர் சொல்லிக்கொடுத்தது. பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது போல, சாக்குப்பையிலிருந்து இரண்டு சேவல்கள் தலையை நீட்டியிருக்க, அந்தப் பையை மடியில் வைத்திருக்கிற ஒரு மீசைக்காரர் மட்டும் காத்திருக்கிறார். பெனசிரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால்? சொன்னால் அவள் கணக்கைத் திருத்துவாள், கழிக்க வேண்டிய கால் பங்கைக் கழிக்க மாட்டாள், தெருவின் எண் சரியாக வரும், ஆனால் கால் பங்கைக் கழிக்காததற்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு 'நம்பவில்லை'யும் அந்தந்த வீட்டின் வாயிலிருந்து வந்தது என்று கமிட்டிக்குச் சொன்னதாகும். சொல்லாமல் விட்டால்? இல்லாத கால் பங்கை அவள் கழிப்பாள், தெரு உள்ளதைவிட அதிகமாக நம்புகிறது என்று எண் சொல்லும், நான் வாழ்நாளில் தந்த முதல் பொய் எண் அதுவாகும். அப்போதாவது இவர்கள் மறைந்திருப்பார்களா என்றால் அதுவும் இல்லை, தவசிமுத்து டீக்கடையில் நின்று மூன்று தாயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கமிட்டியில் ஒருவர் சின்ன வயதில் தங்கச்சியோடு தாயம் ஆடியிருந்தால் போதும், முத்திருளாயியின் வீட்டு எண்ணுக்கு நேராக அவர் விரல் நிற்கும். எதிரே ஆள் வைத்துத் தாயம் ஆடாத கை இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறது? ஒரு கை இருக்கிறது, அது இப்போது சட்டைப்பையில் கொட்டை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெருவை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்கலாமா? ஏற்கெனவே தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது, இரண்டாவது தடவை கேட்டால் முதல் தடவை சொன்னது என்ன ஆனது என்று கேட்பார்கள். நான் டப்பாவைப் பையிலிருந்து எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது, விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டும். சிமெண்டு பெஞ்சில் போட்டேன். இரண்டு வெள்ளை. போட்டபடியே உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் அது வந்தது, எல்லாரும் கையில் வைத்திருந்து தவறவிட்ட தாயம் இன்னும் கொட்டையில்தான் இருக்கிறது. அவர்கள் போட வேண்டிய போட்டை அவர்களுக்காக நான் இப்போது போடலாம். வீட்டுக்கு ஒரு போடு, இரண்டு பேர் சொன்ன வீட்டுக்கு இரண்டு. தாயம் விழுந்த வீட்டில் பதில் 'நம்புகிறேன்' என்று இருந்தால் 'நம்பவில்லை' என்று மாற்ற வேண்டும், வேறு எது விழுந்தாலும் உள்ளது உள்ளபடி. அப்படியானால் கால் பங்கு சேர்ந்துவிடும், பெனசிர் அதைக் கழிப்பாள், தெருவின் எண் அதன் இடத்தில் வந்து உட்காரும். பட்டியலிலோ எந்த 'நம்பவில்லை' ஆளுடையது, எது கொட்டையுடையது என்று எவனாலும், என்னாலும்கூட நாளாவட்டத்தில், சொல்ல முடியாது. மூன்று முறை தலைகீழாகச் சரிபார்த்தேன். சரி. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பிசகு வேறிடத்தில் இருக்கிறது, அவர்கள் தங்கள் கையால் போட்டபோது அவர்கள் சம்மதம் அதில் இருந்தது, நான் போடும்போது இல்லை. அதோடு, எண்ணைத் திருத்தாதவன் என்கிற ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அதைத் துறந்துவிட்டால் பெயரைக்கூடத் தப்பாகப் படிக்கவிட்ட ஓர் ஆள்தான் மிச்சம்.

முதல் வீட்டுக்குப் போட்டேன். மூன்று வெள்ளை. மாற்றமில்லை. இரண்டாவது வீடு, எட்டு. ஏற்கெனவே 'நம்பவில்லை' என்றவர்களுக்குப் போடத் தேவையே இல்லை, என்ன விழுந்தாலும் அது மாறப்போவதில்லை, ஆனாலும் போடுகிறேன், அந்த வீட்டைத் தாண்டிப் போவது மரியாதையாகப் படவில்லை. மூலைவீட்டுப் பெண்ணுக்குத் தாயம், நம்புகிறேன் என்றவளை மாமியாரோடு சேர்த்துவிட்டேன், ஒரே உலை, போகட்டும். சேவல்காரர் எட்டிப் பார்க்கிறார். "என்ன அண்ணாச்சி, தனியாவா ஆடுறீக?" ஆமாங்க. "எதிர்க்க யாரு?" ஊர்ல இருக்காங்க என்றேன். "அது சரி, அவுகளுக்கும் நீங்களே போட்டா யாரு செயிக்கிறது?" சேவல் அவர் மடியிலிருந்து என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது, அதற்கும் அதே சந்தேகம். முத்திருளாயி வீடு வந்தது. அவளுக்கு இரண்டு வெள்ளை, பதில் ஏற்கெனவே 'நம்பவில்லை', அப்படியே நிற்கிறது. அவளை எந்தப் போடும் மறைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மறைக்க வேண்டியது மற்றவர்கள். நம்புகிறேன் என்றவர்களில் சிலர் வந்து அவள் பக்கத்தில், அவள் சொன்னதையே சொன்னவர்களாக நிற்க வேண்டும், அந்தக் கூட்டத்தில்தான் அவள் மறைய முடியும். அடுத்த வீடு எதிர்வீடு. தவசிமுத்து. பெரிசாப் போடுங்க, பேரும் சேத்துப் போடுங்க. குலுக்கும்போது இவருக்கு வேண்டாம், இவருக்கு மட்டும் வேண்டாம் என்று நினைத்தேன், அப்படி நினைப்பதே விதிமீறல். போட்டேன். மூன்று கறுப்பு உட்கார்ந்துவிட்டன. நான்காவது விளிம்பில் சுழன்று, பெஞ்சின் வெடிப்பில் தட்டி, வெள்ளையைக் காட்டிக்கொண்டு படுத்தது.

"தாயம்!" என்றார் சேவல்காரர், அவருக்கே விழுந்தது போல. "போடுங்க, இன்னொண்ணு போடுங்க." என் கை கொட்டைகள் மேல் இருந்தது. இன்னொன்று போட்டால் என்ன, தெருவே போட்டது, அவரே மூன்று போட்டார், நாலாவதாக நான் ஒன்று போடுவதில் வானம் இடிந்துவிடாது, நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு, அவருடைய நம்பிக்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாகத் திரும்பிவிடும். முதன்முறையாக இன்னொரு போட்டின் ருசி எனக்குத் தெரிந்தது, விரல் நுனியில், இனிப்பாக. இந்த ஆட்டத்துல மறுபோடு இல்லீங்க என்றேன். "இதென்ன கூத்து. தாயம் விழுந்தா தண்டனையா? எந்த ஊரு நியாயம் அண்ணாச்சி?" எந்த ஊர் நியாயமும் இல்லை. டேப்லெட்டில் எதிர்வீட்டு எண்ணைத் திறந்தேன், 'நம்புகிறேன்' மேல் இருந்த புள்ளியை எடுத்து 'நம்பவில்லை' மேல் வைத்தேன். ஒரு நல்ல மனிதரின் வாயில், அவரைக் கேட்காமல், அவர் சொல்லவே சொல்லாத ஒரு சொல்லை வைத்தேன். கேட்டிருந்தால், எதிர்வீட்டுப் பொம்பளைப் பிள்ளைக்காகத்தான் என்று சொல்லியிருந்தால், மடையில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றவர், போட்டுக்குங்க சார் அதுக்கென்ன என்று சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையை அளக்கத்தான் என்னிடம் கருவி இல்லை. மிச்ச வீடுகளை நிதானமாகப் போட்டு முடித்தேன், சேவல்காரர் தாயம் விழும்போதெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டினார். மாலை வெயில் பெஞ்சிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிருந்தது. யார் எதைச் சொன்னார்கள் என்பது இப்போதே கலங்கத் தொடங்கிவிட்டது, பூட்டுத் தொங்கிய வீட்டுக்குப் பக்கத்து வீடு என்ன சொன்னது, வேலியில் பாகல் படர்ந்த வீடு என்ன சொன்னது, ஒரு பகல் மட்டும் எனக்குத் தெரிந்திருந்த தெரு ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நல்லது. அதற்காகத்தான் போட்டேன். பச்சைக் கட்டத்தைத் தொட்டேன். ஒரு சின்ன வட்டம் சுற்றியது, எறும்பு போல, நின்றது. பெனசிருக்கு ஒரு வரி எழுதினேன்: அடுத்த தெருவுக்குப் போகுமுன் விதிமுறை அட்டையில் சேர்க்கவும், தாயம் விழுந்தால் மறுபடி போடக் கூடாது. ஏன் சார், இங்க யாராச்சும் அப்படிப் போட்டாங்களா என்று உடனே பதில் வந்தது, கெட்டிக்காரி. ஒரு முன்னெச்சரிக்கைதான் என்று எழுதினேன். ஒரு மாலையில் இரண்டு பொய்.

பேருந்து வந்தது, சேவல்களும் ஏறின, ஜன்னலோரம் கிடைத்தது. கிளம்பிய பிறகுதான் போன். வடிவு. பின்னணியில் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான், குக்கர் விசில். "சாப்டீங்களா?" காலையில் இரண்டு இட்லி, அதன் பிறகு கண்மாய்க்கரையில் ஒரு வீட்டில் மோர். சாப்பிட்டேன் என்ற சொல் எப்போதும் போல நாக்கில் வந்து தயாராக நிற்கிறது, கொட்டை குலுக்காமலே விழுகிற தாயம், வருஷக்கணக்காக அது ஒன்றுதான் விழுகிறது. திரும்பிக்கொள்ள ஒரு நிலைச்சட்டம் தேடினேன், பேருந்தில் ஏது, முன்சீட்டுக்காரரின் கழுத்தும் சேவலின் கண்ணும்தான் இருந்தன. "இல்லை," என்றேன். தப்பான எண்ணுக்குப் பேசிவிட்டோமோ என்று பார்க்கிறவள் போல அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்திருப்பாள். பிறகு, மெதுவாக, "ஏன்?" என்றாள். எங்கள் கேள்வியில் இல்லாத கேள்வி. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, முத்திருளாயியிலிருந்தா, எறும்பிலிருந்தா, சாமான் கட்டிக்கொண்டே இருந்த அப்பாவிலிருந்தா. வடிவு, உனக்குத் தாயம் ஆடத் தெரியுமா என்று கேட்டேன். "நல்லா இருக்கே கேள்வி," என்றாள், குரலில் ஏதோ ஒன்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. "எங்க தெருவுல என்னைய யாரும் செயிக்க முடியாது. தாயத்து மேல தாயமா விழும், எதிர்க்க இருக்கறவ கையக் கட்டிக்கிட்டு உக்காந்துதான் இருக்கணும். உங்களுக்கு எங்க தெரியும், நீங்க என்னிக்குக் கேட்டீங்க?"